மின்னலுக்குப் பின்னால் ஆள் சேர்க்க என்னால் முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடிமழையைத் தேடிப் போய்ப் படம் எடுக்கும் பினாங்கு இளைஞர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு கட்டுரை வந்தது. அதில், "இந்தக் குழுவைத் தொடங்கிய ஜெலுத்தோங் பெரியவர்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பெரியவர் நான்தான். கட்டுரை அச்சாவதற்கு முந்தைய வாரமே புலனக் (வாட்ஸ்அப்) குழுவைக் கலைத்துவிட்டேன். கேமராவையும் விற்றாகிவிட்டது. உங்கள் நிருபரிடம் குறை இல்லை. குழு உயிரோடு இருந்தபோது எடுத்த பேட்டியைத்தான் அவர் எழுதியிருக்கிறார். ஆனால் கட்டுரை வந்த நாளிலிருந்து என் தொலைபேசி ஓயவில்லை. "அங்கிள், ஏன் விட்டீர்கள்?" என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். "அங்கிள், அடுத்து எப்போது போகிறோம்?" என்று மீதிப் பேர் கேட்கிறார்கள். இந்த இரண்டாவது வகையினரை நினைத்தால்தான் எனக்குத் தலை வலிக்கிறது. ஆளாளுக்குப் பதில் சொல்லி என் தொண்டை போனதைப் பார்த்துவிட்டு, பத்திரிகைக்கே எழுதிப் போடுங்கள் என்று என் மனைவி சொன்னார். எழுதுகிறேன்.

நான் வானிலை படித்தவன் அல்லன். வீட்டுக் கூரைகளில் தொலைக்காட்சித் தட்டு பொருத்துகிறவன். வானத்தோடு எனக்கு ஏற்பட்ட சகவாசமே இந்தத் தொழிலால் வந்ததுதான். அந்தத் தட்டு வாங்கும் அலைவரிசைக்கு மழைத்துளி ஆகாது. கனத்த மழைமேகம் குறுக்கே வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்புறம் அடியோடு நின்றுவிடும். உடனே வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். மூன்றரை மணிக்கு ஆயர் ஈத்தாமில் ஒரு பாட்டிக்கு நாடகம் நின்றுபோகும். அரை மணி நேரத்தில் பாயா தெருபோங்கிலிருந்து ஒருவர் கூப்பிடுவார். அப்புறம் பாயான் பாரு. கைத்தொலைபேசியில் ரேடார் படம் பார்க்கும் வசதி வருவதற்கு முன்னால், மேகம் தீவில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வசவுகளை வைத்தே நான் கணக்குப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

கூரைமேல் நிற்கிறவனுக்கு இடி என்பது வேடிக்கை அல்ல, வேலைக்கான மணி. எப்போது ஏணியை மடக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் வெயில் சுள்ளென்று அடித்து, பதினொரு மணிக்குள் பினாங்கு மலைமேல் காலிஃபிளவர் மாதிரி மேகம் திரண்டு, அதன் தலை கூர்மையாகத் தெரிகிறவரை பயமில்லை. தலை மழுங்கிப் பட்டையாக விரியத் தொடங்கிவிட்டால் அதற்குள்ளே மின்சாரம் தயாராகிவிட்டது என்று அர்த்தம். தீவின் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் கடற்காற்று மலையில் முட்டி மேலே ஏறுவதால்தான் பிற்பகல் இடி நமக்கு இவ்வளவு வழக்கமாகிவிட்டது. நம் நாட்டில் ஆண்டுக்கு 200 நாளுக்குக் கிட்ட இடி கேட்கும் இடங்கள் உண்டு. கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டு இறங்கும்போதெல்லாம் பார்ப்பதுதான்.

இறங்கிய பிறகு வேனில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பழக்கம் முதலில் வந்தது. கேமரா அப்புறம்தான் வந்தது. வேனின் கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன்மேல் சின்ன அரிசிப் பை ஒன்றை வைத்து, அதில் கேமராவைப் பதித்துவிட்டு, இருபது விநாடிக்கு ஒரு முறை திறந்து மூடுமாறு வைத்துவிடுவேன். மின்னல் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். இதில் திறமை ஒன்றும் கிடையாது. நல்ல இடமும் பொறுமையும் இருந்தால் போதும். படம் எடுப்பதைவிட, நம் ஊர் ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. பழைய கேமராவை வாங்கிய கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஓரத்தில் சிலந்தி நூல் அளவுக்கு இருந்த பூஞ்சையைக் காட்டி விலையைப் பாதியாக்கிவிட்டார். அது தனிக் கதை.

பிற்பகல் இடியைவிட எனக்குப் பிடித்தது விடியற்காலையில் வருவது. சுமத்ரா சூறைக்காற்று என்று சொல்வார்கள். ஏப்ரலிலிருந்து ஆண்டின் பிற்பகுதி வரை, பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வரும். இரவில் இரு கரைகளிலிருந்தும் நிலக்காற்று மலாக்கா நீரிணைக்குள் இறங்கி மோதுமிடத்தில் மேகங்கள் வரிசையாக முளைத்து, அப்படியே கிழக்கே நகர்ந்து, நாம் தூக்கத்தில் புரண்டு படுக்கும் நேரத்தில் கரைக்கு வந்துசேரும். முன்னால் வரும் காற்று மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டர் வரை போகும். ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு, எட்டு மணிக்குள் ஒன்றும் தெரியாதது போலக் கிளம்பிவிடும்.

பாலிக் பூலாவுக்கு அந்தப் பக்கம், பூலாவ் பெத்தோங் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆறரை மணிக்கு இன்னும் இருட்டு. கடல் அசையாமல், எண்ணெய் பூசியது போல் கிடக்கும். மேற்கே தொடுவானத்தை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. ஏழு மணிக்கு மேல், நம் முதுகுக்குப் பின்னால் மலைக்கு அந்தப் பக்கத்தில் சூரியன் எழ எழ, வெளிச்சம் நேராக அந்தக் கோட்டின்மேல் விழும். அப்போதுதான் அது கோடு அல்ல, அடுக்கடுக்காக வளைந்து தொங்கும் மேகப் படிக்கட்டு என்று தெரியும். அடிப்பக்கம் ஈயச் சாம்பல், அதற்கு மேலே ஒரு பச்சை, விளிம்பில் மட்டும் தாமரை நிறம். கடலின்மேல் கருமை ஒரு பட்டையாக நம்மை நோக்கி ஓடி வரும். காற்று தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். படகுக்காரர்கள் இஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு கரையேறிவிடுவார்கள். காக்கைகள் எங்கே போகின்றன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திடீரென்று கன்னத்தில் குளிர் அடிக்கும். ஒரே நிமிடத்தில் வியர்வை அடங்கிவிடும். அடுத்த நிமிடம் தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கம். இதைப் பார்ப்பதற்காக இருட்டில் எழுந்து, தெலுக் கும்பார் வழியாக மலை ஏறி இறங்கும் சாலையில் வேன் ஓட்டிப் போவது எனக்குச் சிரமமாகவே தோன்றியதில்லை.

என் அம்மாவிடம் ஒரு முறை இந்தப் படத்தைக் காட்டினேன். அவர் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அன்றைக்குப் பெரட்டு இருந்திருக்காது" என்றார். அவ்வளவுதான். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது. விடியற்காலை மழை என்றால் மரப்பட்டை நனைந்துவிடும். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் கோட்டில் நிற்காமல் வழிந்துவிடும். வெட்டி முடித்த பிறகு மழை வந்தாலோ மங்குக் கிண்ணத்தில் இருக்கும் பாலெல்லாம் தண்ணீராகிவிடும். இரண்டு வகையிலும் அன்றைக்குக் கூலி இல்லை. லயத்து வாசலில் நின்று மேற்கே பார்த்து, அந்தக் கறுப்புக் கோடு வருகிறதா என்று அவரும் நான் பார்த்த அளவுக்குப் பார்த்திருக்கிறார். இடி முழங்கினால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார். அர்ச்சுனன் பெயருக்கு மின்னல் பயப்படுமோ என்னவோ, பிள்ளைகள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். பெரிய மாநாடு கூட்டிச் சொல்லும் பாதுகாப்பு விதியும் அதுதான்.

இந்தப் பொழுதுபோக்கின் தாய்வீடு அமெரிக்கா. அங்கே நடுப்பகுதிச் சமவெளியில் டொர்னாடோ என்ற சுழல்காற்றை விரட்டிப் போகிறவர்கள் 1950களிலிருந்து இருக்கிறார்கள். நம் இளைஞர்கள் பார்க்கும் காணொளிகள் எல்லாம் அங்கிருந்து வருபவை. அந்த ஊர் மேகம் ஒன்று பல மணி நேரம் உயிரோடு இருந்து, நூறு கிலோமீட்டருக்கு மேலும் நகரும். தரை தட்டை. பல இடங்களில் சாலைகள் மைலுக்கு ஒன்றாகச் சதுரம் சதுரமாகப் போகும். மேகத்துக்குத் தள்ளி நின்று, அது திரும்பினால் நாமும் திரும்பி, தப்பிக்க ஒரு சாலையை எப்போதும் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். நம் ஊர் மேகம் முளைப்பதிலிருந்து கரைவது வரை பல சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எங்கே முளைக்கும் என்று கடைசிவரை சொல்லாது. ரேடாரில் சிவப்பைப் பார்த்துவிட்டு ஜார்ஜ்டவுனிலிருந்து கிளம்பினால் தெலுக் பஹாங் போய்ச் சேருவதற்குள் அது முடிந்திருக்கும். இல்லையென்றால் நம் தலைமேலேயே நிற்கும். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைச் சாலையில் மரம் ஒன்று குறுக்கே விழுந்தால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது.

இத்தனை வசதி இருக்கும் அமெரிக்காவிலேயே 2013 மே 31 அன்று ஓக்லஹோமா மாநிலத்தில் எல் ரீனோ என்ற ஊர்ப் பக்கம் டிம் சமாராஸ் இறந்துபோனார். வீரசாகசக்காரர் அல்லர் அவர், பொறியாளர். டொர்னாடோ போகும் பாதையில் தரையோடு தரையாக அளவுக் கருவிகளை வைத்துவிட்டு விலகிவிடுவது அவருடைய ஆராய்ச்சி. நிதானத்துக்குப் பெயர் போனவர். அவரோடு மகன் பாலும், உடன் பணியாற்றிய கார்ல் யங்கும் இறந்தார்கள். அந்த டொர்னாடோ ஏறத்தாழ 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, எதிர்பாராத வேகத்தில் திசை மாறியது. அன்றைக்கு அந்த வட்டாரச் சாலைகளில் வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கார்கள் வேறு நெரிந்து நின்றன. இதைக் குழுவில் பலமுறை சொல்லியிருக்கிறேன். "அது அமெரிக்கா, அங்கிள். நம் ஊரில் டொர்னாடோ எங்கே?" என்பார்கள்.

அதே 2013இல், எல் ரீனோவுக்கு இரண்டு வாரம் கழித்து, ஜூன் 13 மாலையில் நம் ஜார்ஜ்டவுன் மெக்காலிஸ்டர் சாலையில் என்ன நடந்தது என்பதை அந்தப் பிள்ளைகள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. புயல்காற்றில் 21 மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து இடிதாங்கிக் கம்பம் பெயர்ந்து சாலையில் விழுந்தது. கீழே காரில் போனவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் மின்னலைத் தேடிப் போனவர் அல்லர். 2016 ஏப்ரலில் மலாக்காவில் காற்பந்துப் பயிற்சியில் இருந்த 18 வயது ஆட்டக்காரரை மின்னல் தாக்கியது. மே மாதத் தொடக்கத்தில் அவர் மருத்துவமனையில் இறந்தார். டொர்னாடோ இல்லாவிட்டால் என்ன?

இப்போது குழுவின் கதைக்கு வருகிறேன். சில நண்பர்களுக்குப் படம் அனுப்புவதற்காகத் தொடங்கியது அது. நண்பரின் மகன், மகனின் கூட்டாளி என்று பெருகியது. நான் எங்கே நிற்கிறேன் என்பதை வரைபடத்தில் குறித்து அனுப்புமாறு கேட்டார்கள், அனுப்பினேன். முதலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். பேச்சுத்துணைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு பையன் வரும்போதெல்லாம் பொட்டலம் நிறைய மெது பக்கோடா வாங்கி வருவான். பிறகு முகம் தெரியாதவர்களும் வரத் தொடங்கினார்கள். பிறகு டி-சட்டை போட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. முதுகில் மின்னல், அதன் கீழே என் முகம். நான் மறுத்ததும் முகத்தை எடுத்துவிட்டு மின்னலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பணமும் திரட்டி என்னிடம்தான் கொடுத்துவைத்தார்கள், பெரியவர் என்று.

கடைசியாகப் போனது ஒரு படகுத்துறைக்கு. அக்டோபர் மாதப் பிற்பகல், பருவக்காற்று மாறும் காலம். மேகம் கடலுக்கு மேலே இருந்தது. எங்கள் தலைக்கு மேலே வெளிவானம். நான் வேனைக் கரையில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் துறையின் நுனி வரை போய் முக்காலிகளை விரித்துவிட்டார்கள். எல்லாம் அலுமினியம். சுற்றிலும் தண்ணீர், அந்தப் பலகைமேல் அவர்களைவிட உயரமாக எதுவுமில்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பார்த்தேன். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடி ஆகும். பன்னிரண்டு வரை எண்ண முடிந்தது, அதாவது நான்கு கிலோமீட்டர். முப்பது வரை எண்ண முடியாவிட்டாலே உள்ளே போய்விட வேண்டும் என்பது விதி. அதைச் சொல்லத்தான் இறங்கி நடந்தேன்.

நுனியில் ஒரு பையன் குடையைப் பிடித்திருந்தான், கேமராவுக்கு. அந்தக் குடையின் கம்பி நுனி "ஸ்ஸ்" என்று இரைந்தது. காற்று இல்லை, மழை இல்லை. அவன் சிரித்துக்கொண்டே அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தான். பக்கத்தில் நின்ற பையன் தன் கை முடி நிமிர்ந்திருப்பதைக் காட்டினான். கூரைவேலைக்காரன் எனக்கு அது என்னவென்று தெரியும். மேலே மேகத்தில் சேர்ந்திருப்பதைப் பார்க்கத் தரையிலிருந்து மின்னூட்டம் கிளம்பி, கிடைத்த கூர்முனை வழியாக ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்து அதே வழியில் இறங்கினாலும் இறங்கும். என் வயதுக்கு அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. குடையைப் போட்டுவிட்டு, முக்காலிகளை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள்.

ஓடி எங்கே போவது? அமெரிக்கக் காணொளியில் எல்லோருக்கும் கார் இருக்கிறது. கார் நம்மைக் காப்பாற்றுவது டயரின் ரப்பரால் என்று பலர் நம்புகிறார்கள். மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வருவதற்கு நாலு அங்குல ரப்பர் எம்மாத்திரம்? காப்பது அந்தத் தகரக் கூடு. மின்சாரம் வெளிப்பக்கமாகவே ஓடித் தரைக்குப் போய்விடும். நம் பிள்ளைகள் வந்தது மோட்டார் சைக்கிளில். வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. கூடு என்று அங்கே இருந்தது என் வேனும் இன்னொருவரின் பழைய காரும் மட்டும். தட்டுகளுக்கும் கம்பிச்சுருள்களுக்கும் நடுவே ஒருவர்மேல் ஒருவராக அவர்களை ஏற்றிக் கதவைச் சாத்தினேன். அந்த நெரிசலில் ஒரு பையனுக்கு அவன் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. "கடையில் இருக்கிறேன் அம்மா, மழை விட்டதும் வருகிறேன்" என்றான். பிறையிலிருந்து பாலம் தாண்டி வந்தவன். பக்கத்தில் பள்ளிச் சீருடைக் காற்சட்டையோடு அவன் தம்பி.

மின்னல் அன்றைக்கு அங்கே விழவில்லை. முக்காலிகளும் பத்திரமாகக் கிடைத்தன. இரவே அந்தக் குடை இரைந்த காணொளி குழுவில் சுற்றத் தொடங்கியது, கைதட்டும் கைகளோடு. "அடுத்த முறை இன்னும் கிட்டப் போவோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் தனியாகப் போய் நின்ற காலத்தில் என் தலை, என் கணக்கு. என் மனைவிக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பையனின் அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. ஆனால் நான் வரைபடத்தில் குறித்து அனுப்பிய இடத்தில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள். தனியாகப் போய்க்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நான் போனால் படம் எடுப்பேன், எடுத்தால் யாருக்காவது காட்டுவேன், காட்டினால் "எந்த இடம் அங்கிள்?" என்பார்கள். என்னை எனக்குத் தெரியும்.

வந்த எதிர்ப்புகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஜெலுத்தோங் அடுக்குமாடிப் பெண்கள் சிலர், மேகம் பார்த்து நீங்கள் குழுவில் போடும் செய்தியை வைத்துத்தான் துணி காயப் போடுகிறோம், நிறுத்திவிட்டால் எப்படி என்று வருத்தப்பட்டார்கள். அம்மா, அதற்கென்று மெட்மலேசியா என்ற நம் வானிலைத் துறை இருக்கிறது. மைசுவாச்சா என்ற செயலியில் இடிமழை எச்சரிக்கை வரும். அவர்களுடைய இணையப் பக்கத்தில் ரேடார் படமும் பார்க்கலாம். அந்த எச்சரிக்கை ஆறு மணி நேரத்துக்கு உட்பட்டதுதான். எனவே காலையில் ஒரு முறை பார்த்துவிட்டு மறந்துவிடக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை பாருங்கள். மலாயில் இருந்தால் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள்.

பினாங்கின் புயல்களைப் பதிவு செய்ய ஆளில்லாமல் போய்விடும் என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். 2019 ஏப்ரல் 1 அன்று தஞ்சோங் தோகோங் கடலில் தூணாக எழுந்த சுழல்காற்று கரையேறிக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. அடுக்குமாடி மாடத்தில் நின்றவர், சாலையில் போனவர் என்று ஊரே அதைப் படம் எடுத்தது. அந்த நேரத்தில் வானத்தைப் பார்க்காமல் ஒரு கூரையடியில் குனிந்து திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தவன் பினாங்கில் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. பதிவுக்கு நான் தேவையில்லை.

பயந்துவிட்டேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 4 இரவு, கிழக்கிலிருந்து தீபகற்பத்தைக் கடந்து வந்த தாழ்வழுத்தத்தால் விடிய விடிய நம் மாநிலத்தில் மழை கொட்டியது. ஏழு பேர் இறந்தார்கள். உதவிக்கு இராணுவத்தை அழைக்க வேண்டியிருந்தது. என் ஆயுளில் இந்தத் தீவில் நான் கண்ட மிகப் பெரிய புயல்மழை அது. அதன் ஒரு படம்கூட என்னிடம் கிடையாது. நானும் பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் முட்டிவரை தண்ணீரில் நின்று, இரண்டு வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளையும் மேசைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். 2025 நவம்பர் இறுதியில் சென்யார் புயல் நம் மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, சுமத்ராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டுவிட்டு, கிழக்கே திரும்பித் தீபகற்பத்தை நோக்கி வந்தது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு கிட்டப் புயல் சுழல்வது அபூர்வம். 2001 டிசம்பரில் ஜொகூரைத் தொட்ட வாமெய் போல எப்போதாவது ஒன்று. தெற்கே சிலாங்கூர் கரை வரை வேனில் போகலாம், வாய்ப்பை விடக் கூடாது என்று அன்றைக்கு என்னை அரித்தெடுத்தார்கள். நான் போகவில்லை. அதற்கும் பயம் என்றுதான் பெயர் வைத்தார்கள், வைத்துக்கொள்ளட்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். கட்டுரையின் கீழே, சிறந்த மின்னல் படத்துக்குப் பரிசு என்று அறிவித்திருக்கிறீர்கள். பரிசை நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளோ, மூடிய காருக்குள்ளோ இருந்து எடுத்த படம் மட்டுமே ஏற்கப்படும் என்று ஒரு வரி சேருங்கள். சன்னல் சட்டமோ காரின் கண்ணாடியோ படத்தின் ஓரத்தில் தெரிந்தால் கூடுதல் மதிப்பெண் என்றுகூடப் போடலாம். இளைஞர்கள் விதியை மதிக்காவிட்டாலும் மதிப்பெண்ணை மதிப்பார்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும் என்பதையும் அறிவிப்பின் கீழே சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள். புல் வெட்டுகிறவர்கள், திடலில் பந்து விளையாடுகிறவர்கள், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள் எல்லாம் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். கேமரா இல்லாதவருக்கும் அந்த வரி உதவும்.

டி-சட்டைக்கு என்னிடம் பணம் கொடுத்தவர்கள், மாலை ஆறு மணிக்கு மேல் ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் இருக்கும் என் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். பெயர்ப் பட்டியல் என் மனைவியிடம் இருக்கிறது. பிறையிலிருந்து வரும் சகோதரர்கள் இருவரும் அம்மாவையும் அழைத்து வர வேண்டும். அவர் கையில்தான் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
ஜெலுத்தோங், பினாங்கு.